தெற்கு வாசல் மாடியில் கட்டைமூக்குப் புறாக்கள்

சிங்கப்பூரில் புறாவுக்குத் தீனி போட்டால் அபராதம். எங்கள் அடுக்குமாடியின் கீழேயே அதற்கான பலகை இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த என் மகள் பவித்ரா, ஆராய்ச்சிக்காகத் தங்கியிருந்த மதுரையில் ஒரு புறாவின் பின்னால் போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து கீழே விழுந்துவிட்டாள்.

செய்தி சொன்னவர் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. மாலை நேரம், புதிய எண். "சார், பவித்ராவோட அப்பாங்களா? ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். இடது கை எலும்பு முறிவு, புருவத்துக்கு மேல் நான்கு தையல் என்பதெல்லாம் பிறகு வந்தது. அதிலிருந்து யார் "ஒண்ணும் இல்ல" என்றாலும் என் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. வகுப்பில் ஒரு மாணவன் சொன்னபோதுகூட.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். ஒரு வார விடுப்பு கிடைத்தது. திரும்பி வர ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இருக்கைகள் எடுத்தேன், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவளிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மதுரையில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து வந்த ஆட்டோக்காரர் கையை ஹாரனிலேயே வைத்திருந்தார்.

"சிங்கப்பூர்ல ஹாரன் அடிச்சா புடிச்சிருவாய்ங்களாம்ல சார்?"

"அடிக்கவே தேவை இருக்காது."

"அப்பறம் வண்டி ஓட்டுறம்னு எப்புடி சார் தெரியும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

பவித்ராவின் வாடகை அறை தெற்கு வாசலுக்குப் பக்கத்தில். கதவைத் திறந்தவள் கையில் மாவுக்கட்டு, புருவத்தின் மேல் கறுப்புத் தையல். அதையெல்லாம் விட்டுவிட்டு, "அப்பா, ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்றாள். இரண்டு டிக்கெட் விஷயத்தை நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். அவள் கோபப்படவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுவரைக்கும் எனக்கு ஒரு இடது கை வேணும்பா."

அந்த இடது கையாகத்தான் நான் மறுநாள் சிக்கந்தர் பாயின் மொட்டைமாடிக்குப் போனேன். குடை, பூட்டு, டார்ச் விற்கும் சிறிய கடை அவருடையது. கடைக்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் புறாக் கூண்டுகள். என் வயதுதான் இருக்கும். எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவர்தான் என்பது குரலைக் கேட்டதும் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். உடைந்த கூரை இருந்த இடத்தில் இரும்புத் தகடு. மாடியைச் சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி வேலி, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"முந்தாநாள்தான் வெல்டிங் முடிஞ்சுச்சு சார். முன்னாடியே செஞ்சிருக்கணும்." பிறகு மெதுவாக, "பிள்ள விழுந்த சத்தம் இன்னும் காதுல கெடக்கு" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

புறா என்றால் எனக்குச் சாம்பல் நிறத்தில், நடைபாதையில் தலையாட்டித் திரிவது. இங்கே நான் பார்த்தவை வேறு. உருண்டைத் தலை, பெரிய கண், அலகு என்ற இடத்தில் ஒரு சோள மணியை ஒட்டிவைத்தது போல ஏதோ ஒன்று. இவர்கள் இதைக் கட்டைமூக்கு என்கிறார்கள். எவ்வளவுக்கெவ்வளவு கட்டையோ அவ்வளவுக்கவ்வளவு மதிப்பு. பக்கத்துக் கூண்டில் சாதாரண நீள மூக்குப் புறாக்களும் இருந்தன. இரண்டும் ஒரே இனம்தான், பல தலைமுறைகளாக மனிதர்கள் ஜோடி சேர்த்துச் சேர்த்து மூக்கைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்றாள் பவித்ரா.

என் வேலை புறாவைப் பிடித்துக்கொள்வது. அவள் வலது கையால் வெர்னியர் அளவியை அலகில் வைத்து அளப்பாள், காலில் இருக்கும் வளையத்தின் எண்ணைப் படிப்பாள், ஓர் இறகை உருவி உறையில் போடுவாள். முதல் புறா என் கையிலிருந்து நழுவி, என் சட்டையில் அடையாளம் வைத்துவிட்டுப் பறந்தது.

சிக்கந்தர் பாய் முதன்முறையாகச் சிரித்தார். "பரீட்சப் பேப்பர் மாதிரி இறுக்கிப் புடிக்காதீங்க சார். சூடா இட்லி எடுப்பீங்கள்ல, அப்புடி எடுங்க."

அன்று மதியம் பன் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய ஆராய்ச்சி என்ன என்று கேட்டேன். இரண்டு வருடமாகச் செய்கிறாள். இதுவரை நான் கேட்டதில்லை. பத்திரமாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

முட்டைக்குள் குஞ்சின் முகம் உருவாகும்போது சில மரபணுக்கள் வேலை செய்கின்றன. எது எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அலகு நீள்கிறது, தடிக்கிறது, வளைகிறது. காட்டுப் பறவைகளில் இந்தச் சிறு வித்தியாசங்களைத் தீனிதான் சலித்தெடுக்கிறது. கடினமான விதை மட்டுமே கிடைக்கும் இடத்தில் தடித்த அலகுள்ளவை பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். அதற்குப் பல தலைமுறை ஆகும். தெற்கு வாசலில் தீனியின் வேலையைச் சிக்கந்தர் பாய் போன்றவர்கள் செய்கிறார்கள், அதனால் எல்லாம் வேகமாக நடக்கிறது.

"மூக்கைக் கட்டையாக்குற மரபணுவுல முக்கியமான ஒண்ணு இசட் குரோமோசோம்ல இருக்குப்பா. பறவையில ஆணுக்கு ரெண்டு இசட். பெட்டைக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அப்பாகிட்ட இருந்து மட்டும்தான் வரும்."

"அப்படின்னா பெட்டையோட மூக்கு..."

"பெரும்பாலும் அப்பா குடுத்ததுதான்."

பரோட்டாவைப் பிய்த்த என் கை நின்றது. மகள்களுக்கு அப்பா என்ன கொடுக்கிறார் என்பதைப் பற்றி நான் வேறு பாதையில் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். எனக்குப் பயத்தைத் தவிர வேறெதுவும் கொடுத்த நினைவில்லை. அவளோ பயமே இல்லாதவள்.

ஆனால் கணக்கு எனக்குப் புரிந்தது. கட்டைமூக்குத் தகப்பனுக்குப் பிறந்த பெட்டைகள் எல்லாம் கட்டைமூக்காக இருக்க வேண்டும். நீள மூக்குப் பரம்பரையில் வந்த தகப்பனுக்குக் கட்டைமூக்குப் பெட்டை பிறக்கக் கூடாது. "சரி, அப்படித்தானே இருக்கு?" என்றேன். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். பத்தொன்பது பெட்டைகள். எது யாருடைய குஞ்சு என்று சிக்கந்தர் பாய் சொன்னதை எழுதி, எதிரே அலகின் அளவு. ஒன்பது பெட்டைகள் கட்டைமூக்கு, ஆனால் அவற்றுக்கு எழுதியிருந்த தகப்பனோ நீள மூக்கு.

"நான்தான் எங்கேயோ தப்பா அளந்திருக்கேன். வளைய நம்பரை மாத்தி எழுதியிருக்கேன். அதனாலதான் எல்லாத்தையும் முதல்லேருந்து அளக்குறேன்" என்றாள். விழுந்த அன்றும் அதற்காகத்தான், பிடிபடாமல் கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு புறாவை எடுக்கப் போயிருக்கிறாள்.

புதன்கிழமை அவள் அந்த மாடியில் ஏறுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. புறாவைப் பிடித்துத் தரச் சிக்கந்தர் பாய் இருந்தார். புறாத் தீனி வாங்கப் பரவைக்குப் போகும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். சிங்கப்பூர்ப் பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும் திரையில் வரும். நான் திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது பரவை போய்விட்டது.

"என்னண்ணே, பரவைக்குத்தான சீட்டு வாங்குனீக? தூங்கிட்டீகளா?" என்றார் நடத்துநர்.

"நீங்க சொல்வீங்கன்னு..."

"தொண்ட கிழியக் கத்துனேன்ணே. கைப்புள்ளையே முழிச்சு அழுதுச்சு."

பேருந்தே சிரித்தது. சமயநல்லூரில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். வழியில் ஒரு கண்மாய். தண்ணீர் முழங்கால் அளவுதான். வெள்ளையும் கறுப்புமாக நாரைகள் நின்றன. ஒன்று தலையைத் திருப்பியபோது அதன் அலகை மூடிய பிறகும் நடுவில் சந்து தெரிந்தது. ஊனம் என்று நினைத்தேன். அடுத்ததற்கும் அப்படியே. எல்லாவற்றுக்கும் அப்படியே.

கரையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"நத்தகுத்திண்ணே. பாக்குவெட்டி மாதிரி வாய்க்குள்ள நத்தைய வச்சு அமுக்கும், பாத்துக்கங்க."

"பிறக்கும்போதே இப்படியா?"

"அதுக்குப் பெரசவம் பாத்தது நான் இல்லையே" என்று சொல்லிவிட்டு மாட்டின் மேல் தண்ணீரை இறைத்தார்.

படம் எடுத்து பவித்ராவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் அந்தச் சந்து விழும். கம்பும் சோளமும் பச்சைப்பயறும் வாங்கிக்கொண்டு, திரும்பும் பேருந்தில் நடத்துநருக்குப் பக்கத்திலேயே நின்றேன். பிறப்பில் இல்லாத சந்து பிறகு எப்படித் திறக்கிறது, அதைத் திறப்பது எது என்று யோசித்துக்கொண்டே வந்ததில், மாடியை முக்கால் மணி நேரம் மறந்திருந்தேன்.

வியாழக்கிழமை மாலை கடைசிப் பெட்டையையும் அளந்து முடித்தோம். பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் வைத்தாள். அளவுகள் அப்படியே பொருந்தின. வளைய எண்கள் சரி. அவள் தவறே செய்யவில்லை. அதுதான் மோசம்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் நம்புனதுதான் தப்பு" என்றாள்.

தட்டில் இருந்த இட்லியை அவள் தொடவில்லை. எனக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதி எட்டிப்பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இனி இங்கே என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பேசாமல் வந்துவிடுவாள் என்ற நிம்மதி. அதை நினைத்து அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிக்கந்தர் பாய் கடையைத் திறக்கப் போயிருந்தார். பவித்ரா கீழே உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மாடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு சாதாரண நீள மூக்குப் புறா தன் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தேன். குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு, தாயின் தொண்டையில் சுரக்கும் தயிர் போன்ற பாலைக் குடித்தது. தலையை வெளியே எடுத்தபோது பார்த்தேன். குஞ்சுக்கு மூக்கே இல்லை. சோள மணி.

அந்த நேரத்தில் பாயின் மனைவி மும்தாஜ் மேலே வந்தார். ஒரு கட்டைமூக்குப் பெட்டையைத் தள்ளிவிட்டு அதன் அடியிலிருந்த இரண்டு முட்டைகளை எடுத்தார். நான்கு கூண்டு தள்ளி ஒரு நீள மூக்குப் பெட்டையின் அடியில் வைத்தார். அதன் முட்டைகளை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். எல்லாம் பால் பாத்திரத்தை அடுப்பு மாற்றி வைக்கிற மாதிரி நடந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"இந்த மூக்க வச்சுக்கிட்டு இதுக எங்கண்ணே ஊட்டும்? குஞ்சு பட்டினியாக் கெடந்து மவுத்தாயிரும். அதான் வளப்பு ஜோடிக்கு மாத்துறது. ஒரே நாள்ல முட்டையிட்டதாப் பாத்து வைக்கணும். இது எம்புட்டோ வருஷமா நடக்குது."

"அப்போ அந்தக் குஞ்சோட அப்பா அம்மா யாரு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பால் குடுத்ததுகதான். வேற யாரு?"

நான் கீழே இறங்கிய வேகத்தில் இரண்டு படிகளைத் தவறவிட்டேன். பவித்ரா பதறி எழுந்தாள். விழவில்லை. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது அவள் ஒற்றைக் கையால் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

சிக்கந்தர் பாயைக் கடையிலிருந்து கூட்டிவந்தோம். அவருக்கு இதில் என்ன குழப்பம் என்றே புரியவில்லை.

"பாப்பா, நீ எங்கிட்ட என்ன கேட்ட? இதோட அத்தா அம்மா எதுன்னு கேட்ட. நானும் காட்டுனேன். குஞ்சு விக்கும்போது வாங்குறவனும் அதத்தான் கேப்பான். வளத்த ஜோடி திடமா இருந்தாத்தான் குஞ்சு நிக்கும். முட்டை யாருதுன்னு கேக்கவே இல்லையே நீ."

"முட்டை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"எனக்கெங்க தெரியும்? மாத்துறதெல்லாம் இவதான்."

எல்லோரும் மும்தாஜைப் பார்த்தோம். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பவித்ரா வளைய எண் சொல்ல, "நம்பர் எனக்குத் தெரியாது, ஆளச் சொல்லு" என்றார். நிறம் சொன்னாள். அவ்வளவுதான், கல்யாண வீட்டில் உறவுமுறை சொல்வது போல வந்து விழுந்தது. "அந்தச் செவல பெட்டையா? அது பூங்கண்ணன் மக. கருப்பி ஜோடிதான் வளத்துச்சு. இந்தச் சாம்பலு, அது கருப்பியோட சொந்தப் பிள்ளதான், கட்டமூக்கு இல்ல. அதோட கூடப் பெறந்தது பூனை தூக்கிட்டுப் போயிருச்சு."

வெங்காயம் முடிந்து தக்காளிக்கு வந்தபோது பத்தொன்பது பேருக்கும் உண்மையான தகப்பன் கிடைத்துவிட்டான். நான் புதிய அட்டவணை போட்டேன். எல்லாக் கட்டைமூக்குப் பெட்டைகளும் கட்டைமூக்குத் தகப்பன் பக்கம், நீள மூக்கு எல்லாம் நீள மூக்கின் பக்கம். முப்பது வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்டிருக்கிறேன். விடை சரியாக வந்ததற்காகக் கண் கலங்கியது அன்றுதான். இறகுகளின் மரபணுவைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாள் பவித்ரா, ஆனால் அவள் குரல் ஏற்கெனவே மாறியிருந்தது. அன்றைய கறிக்குழம்பில் நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாப்பிடும்போது மும்தாஜ் இன்னொன்றும் சொன்னார். வெள்ளச்சி என்ற கட்டைமூக்குப் பெட்டையின் மகள்கள் இரண்டு பேரைப் போன வருடம் டி. கல்லுப்பட்டியில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தகப்பன் பூங்கண்ணன், அவனும் கட்டைமூக்கு. அந்த இரண்டையும் அளந்தால் கணக்கு இன்னும் கெட்டிப்படும். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்.

சனிக்கிழமை முழுவதும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. மாலையில் பருத்திப்பால் வண்டி முன்னால் நின்றபோது அவளே ஆரம்பித்தாள்.

"வான்னு சொன்னா நாளைக்கு வாரேன்பா. நிஜமாத்தான். அம்மா தூங்கலைன்னு தெரியும், நீங்களும் தூங்கல. இறகெல்லாம் எடுத்தாச்சு, அங்கேருந்தே எழுதலாம். கொஞ்சம் குறையாத்தான் இருக்கும்."

"டி. கல்லுப்பட்டி பஸ்ல ஒரு கையோட எப்படி ஏறுவ?"

"ஏறுறதுக்குக் கால்தான்பா வேணும்."

அன்று காலை மாடியில் நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. புதிய இரும்புத் தகட்டின் மேல் ஏறும் முன் அவள் ஒரு காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை அழுத்தினாள். அதன் பிறகும் சுவரை ஒட்டியே நடந்தாள். அந்தப் பயம் நான் கொடுத்ததா, அந்தக் கூரை கொடுத்ததா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் அது இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு டிக்கெட்டை ரத்து செய்தேன். மனைவியிடம் தொலைபேசியில் சொன்னபோது, மாவுக்கட்டை என்றைக்குப் பிரிப்பார்கள் என்று கேட்டாள். பிறகு, "கட்டு பிரிக்கிற அன்னைக்கு நான் போறேன்" என்றாள்.

ஞாயிறு காலை சிக்கந்தர் பாய் வழியனுப்ப வந்தார். "பிள்ளைய விட்டுட்டுப் போங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல சார். நீங்களே விட்டுட்டுப் போறீங்க" என்று சொல்லி என் பையை ஆட்டோவில் வைத்தார். பவித்ரா அதற்கு முன்பே டி. கல்லுப்பட்டிக்குக் கிளம்பிவிட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். பேருந்து திரும்பும் வரை நின்றிருந்தேன். கை சில்லிடத்தான் செய்தது.

விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோது இரண்டு படங்கள் வந்தன. இரண்டு புறாக்கள், அலகின் பக்கத்தில் அளவி. ஒன்றுக்குச் சோள மணி. இன்னொன்றுக்கு நடைபாதைப் புறாவைப் போல நல்ல நீளம். கீழே எழுதியிருந்தாள்: "ஒண்ணு பொருந்துது. ஒண்ணு பொருந்தவே இல்லப்பா!" கடைசியில் இருந்த ஆச்சரியக்குறியில் சோகம் இல்லை.

நீள மூக்குப் பெட்டைக்குக் கட்டைமூக்குத் தகப்பன் இருக்க முடியாது. தாய் வெள்ளச்சிதான் என்பதில் மும்தாஜ் தவற மாட்டார். அப்படியென்றால் தகப்பன் பூங்கண்ணன் இல்லை. நான் எழுந்து நடந்தேன், திரும்ப உட்கார்ந்தேன், மும்தாஜை அழைத்தேன்.

"சொல்லுங்கண்ணே. பிள்ள மதியம் சாப்பாட்டுக்கு வந்துரும், நான் பாத்துக்கிறேன், கவலப்படாதீங்க."

"அது இல்லம்மா. வெள்ளச்சி பூங்கண்ணனைத் தவிர வேற யார்கூடவாவது சேர்ந்திருக்குமா?"

"என் வெள்ளச்சியையா?" குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுப் புள்ளையப் பத்தி என்னண்ணே இப்புடிக் கேக்குறீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"போன வருசம் மழையில கூண்டுக் கதவு ரெண்டு நாள் திறந்து கெடந்துச்சு. பக்கத்து மாடியில ஒரு ஹோமரு இருக்கான், பந்தயத்துக்கு விடுற புறா, நீளமூக்கன். அவன் வந்து வந்து உக்காருவான். இவரு காதுல போட்ராதீங்கண்ணே."

விமானத்தில் ஏறச் சொல்லி அறிவித்தார்கள். வலது பக்கத்து மாடியா, இடது பக்கத்து மாடியா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பவித்ராவுக்கு அனுப்பிவிட்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன்.